நடுவில் பம்பரம் இல்லை

சர்ரக்...

அவ்வளவுதான் சத்தம். பின்னாலேயே மூக்கின் நுனியில் ஒரு கந்தக நெடி.

போன வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டு கேஸ் லைட்டர் உயிரை விட்டது. பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பார்த்தேன். டக் டக் என்றதே தவிர, பொறி இல்லை. பூஜை அலமாரியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினேன். பாலை அடுப்பில் வைத்தேன். வைத்துவிட்டு, கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்து... மறுபடி ஒரு குச்சி. மறுபடி அதே நெடி.

"தீப்பெட்டியில அப்படி என்னதான் இருக்கு?" என்றாள் மனைவி, துடைக்கிற துணியை என் கையில் திணித்தபடி.

என்ன இருக்கிறது? நான்கு மாதங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால், குச்சி இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

பம்பாய் செம்பூரில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். சொந்தமெல்லாம் இல்லை. மாட்டுங்காவில் நான் கவிதை படித்த ஒரு கூட்டத்தில், வெளியே மழை பெய்ததால் உள்ளே ஒதுங்கியவர். மழை விட்ட பிறகும் உட்கார்ந்திருந்த ஒரே ஆள். அன்று ஆரம்பித்த பழக்கம். பெயர் சுந்தரேசன். வயது எண்பத்திரண்டு. உரத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி பத்மா போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஒரே மகள் உமா, ஐரோலியில் ஐடி வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து ஃப்ரிட்ஜை டப்பாக்களால் நிரப்பிவிட்டுப் போவாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் மாமா போன் பண்ணினார்.

"லண்டன்லேர்ந்து உமாவுக்கு ஒரு மெயில் வந்திருக்கு. எனக்குத்தான் விஷயம். நீங்க பதில் எழுதிக் குடுக்கணும்."

"உமா எழுதமாட்டாளா மாமா?"

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். இது படம் சமாச்சாரம். நீங்கதான் யாருக்கும் புரியாம எழுதறேள்... உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்."

முப்பது வருட எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான விமர்சனம் அது.

போனேன். ஹாலில் சோபாவுக்கு மேலே தொங்கும் படத்தைக் காட்டினார். அந்தப் படத்தை இருபது வருடமாக எனக்குத் தெரியும். தெரியும் என்றால்... காலண்டரைத் தெரிவதுபோல. கிட்டத்தட்ட சதுரமான பெரிய கான்வாஸ். கருநீலப் பரப்பு. நடுவே ஒரு பெரிய சிவப்பு வட்டம். இரண்டு பக்கமும் மஞ்சள் பட்டை. அடியில் ஒரு மஞ்சள் கோடு. வேறு ஒன்றுமில்லை. மனிதர் இல்லை, மரம் இல்லை, கையெழுத்துகூட இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் இறக்குவார்கள். ஏற்றும்போது ஒருமுறை பட்டை பக்கவாட்டில் இருக்கும், ஒருமுறை மேலும் கீழுமாக இருக்கும்.

"மாடர்ன் ஆர்ட்தானே, எப்படி மாட்டினா என்ன?" என்பார் மாமா.

படத்தின் கதை இதுதான். அறுபதுகளின் கடைசியில், கல்யாணத்துக்கு முன்னால், மாமாவைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியது கம்பெனி. மாடியில் ஒற்றை அறை. கீழ்த்தளத்தில் ஹில்டா என்று ஓர் ஓவியர்.

"நான் மேல ரசத்துக்கு மிளகு இடிச்சா, அவ கீழேர்ந்து துடைப்பக் கட்டையால கூரையைத் தட்டுவா. சண்டைன்னு நினைக்காதீங்கோ. கேஸ் அடுப்பு பத்தவைக்க தீப்பெட்டி வேணும்னா எங்கிட்டதான் வருவா. வாங்கிண்டு போனா திரும்பி வராது. தீப்பெட்டியும் வராது, அவளும் வரமாட்டா... அடுத்த தீப்பெட்டி வேணுங்கற வரைக்கும்."

மாமா ஊர் திரும்பக் கிளம்பிய அன்று, ஒரு கான்வாஸைச் சுருட்டிக் கையில் கொடுத்திருக்கிறார் ஹில்டா. உன் வீட்டுச் சுவருக்கு, பத்திரமாக வைத்துக்கொள் என்றாராம். மாமா அதைக் குடையோடு சேர்த்துக் கட்டிக் கப்பலில் கொண்டுவந்தார். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடையில் சட்டம் போட்டார். அவ்வளவுதான். இரண்டொரு புதுவருட வாழ்த்து அட்டைகள். பிறகு கல்யாணம், குழந்தை, ஷிஃப்ட்... தொடர்பு அறுந்துவிட்டது.

மெயில், லண்டனில் ஒரு சிறிய கேலரியிலிருந்து வந்திருந்தது. ஹில்டாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. கடலோர ஊர் ஒன்றில் தனியாக இருக்கிறார். அவருடைய படங்கள் மொத்தத்தையும் சேர்த்து முதல்முறையாக ஒரு கண்காட்சி. முதல்முறை! எண்பத்தாறு வயதில்!

ஏன் இத்தனை தாமதம்? கேலரிப் பெண் அனுப்பிய கட்டுரைகளைப் படித்துப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவு. அந்தக் காலத்தில் அங்கே பாப் ஆர்ட் என்று ஓர் அலை. சோப்புப் பெட்டி, விளம்பரம், சினிமா நட்சத்திரம் என்று கடையிலும் தெருவிலும் கண்ணில் படுவதையெல்லாம் கான்வாஸில் ஏற்றினார்கள். ஹில்டாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். அதே கடைத்தெரு நிறங்கள்தான் அவரிடமும். ஆனால் பொருளை எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் வைத்தார். பாப் ஆட்கள், "எங்கே அம்மா பெட்டி? எங்கே பாட்டில்?" என்றார்கள். அரூப ஓவியக்காரர்களோ, "உன் நிறத்தில் கடை வாசனை அடிக்கிறது" என்றார்கள். கூட இருந்த ஆண்களைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் வந்தன. இவருக்கு அந்தப் புத்தகங்களில் ஓர் அடிக்குறிப்பு. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து காலத்தை ஓட்டியிருக்கிறார். வைக்க இடமில்லாமல் பெரிய கான்வாஸ்களை வெட்டிப் போட்டுவிட்டாராம். மிச்சம் கொஞ்சம்தான். மாமா லண்டனில் இருந்த அந்த வருடத்துப் படங்களில் இப்போது ஒன்றுகூட அவரிடம் இல்லை. அவருடைய பழைய நோட்டில் ஒரே ஒரு வரி: "சிவப்பு வட்டம் – மாடி வீட்டு சுந்தருக்கு, பம்பாய்."

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, இணையத்தில் துழாவி, படத்தைக் கண்காட்சிக்கு இரவல் கேட்டு ஐரோலி வரைக்கும் வந்துவிட்டார்கள்!

படத்தை செல்போனில் எடுத்து அனுப்பினேன். ஒரு படிவம் வந்தது. படத்தின் நிலைமை எப்படி? "நன்று." எப்போதாவது பழுது பார்க்கப்பட்டதா, மேலே வண்ணம் பூசப்பட்டதா? மாமாவைக் கேட்டேன்.

"யார் தொடப்போறா? பத்மா ஈரத்துணியால தூசி துடைப்பா. அதோட சரி."

"இல்லை" என்று டிக் போட்டேன். எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று பார்க்க நான்கு அடி நடக்கவேண்டும். நடக்கவில்லை.

பத்து நாள் கழித்து அடுத்த மெயில். மரியாதையான மெயில்தான். ஆனால் இரண்டு தடவை படித்தேன். ஹில்டாவின் பழைய கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ போட்டோ ஒன்றை இணைத்திருந்தார்கள். சுவரில் சாய்த்து வைத்த அதே கான்வாஸ். அதே வட்டம். அதே பட்டைகள். அடியில் கோடு மட்டும் இல்லை.

"உங்களிடம் இருப்பது இந்தப் படம்தானா? தயவுசெய்து மீண்டும் சரிபார்க்கவும்."

பிரிண்டை எடுத்துக்கொண்டு செம்பூருக்கு ஓடினேன். ஹால் முழுக்கப் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. மழையில் சீலிங்கில் லீக்கேஜ். ஏணியின் உச்சியில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தார் செல்வராஜ். அந்த வீட்டுக்கு வழக்கமாக வரும் பெயின்டர். சாத்தூர்ப் பக்கம். தாராவியில் குடியிருப்பு, முப்பத்தைந்து வருடமாக. தலைமுடியில் எது நரை, எது சுண்ணாம்பு என்று தெரியாது.

மாமாவிடம் போட்டோவைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போட்டோவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார்.

"கோடு முதல்லேர்ந்தே இருந்துதே?" என்றார். குரலில் உறுதி இல்லை.

"அந்தத் தீப்பெட்டிப் படத்தையா கேக்கீங்க?" மேலே இருந்து செல்வராஜ் குரல். "கோடு நாந்தான்ய்யா போட்டேன்."

நான் ஏணியின் அடிக்குப் போய் நின்றேன்.

"என்ன தீப்பெட்டி?" என்றேன்.

"இந்தா தொங்குதுலா சார்... பம்பரம் மார்க் தீப்பெட்டி. எங்க ஊர்ச் சரக்கு. எங்க வீட்டுல லேபிள் கட்டுக்கட்டாக் கெடக்கும். எங்கம்மா ஒட்டுவா, அக்கா ஒட்டுவா, பள்ளிக்கூடம் விட்டு வந்தா நானும் ஒட்டுவேன். நீலத்துல ரெண்டு பக்கமும் மஞ்சக் கரை. நடுவுல செவப்பு வட்டம், வட்டத்துக்குள்ள பம்பரம். அடியில ஒரு மஞ்சக் கோடு. இதுல பம்பரமும் இல்ல, கோடும் இல்ல. சரி, வரைஞ்சவரு பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு போலன்னு நெனச்சேன்."

"அதனால?"

"கோட்டை மட்டும் போட்டு விட்டேன். பம்பரம் போட எனக்கு வராது சார். நான் பெயின்டர்தான, ஆர்ட்டிஸ்டா?"

மாமா மெதுவாக சோபாவில் உட்கார்ந்தார்.

"எப்போப்பா இது?"

"மாமி இருந்தப்பதான்ய்யா. நீங்க கோயமுத்தூர்ல ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க. தீவாளிக்கு வீடு அடிச்சிட்டிருந்தேன். மாமிதான் சொன்னாங்க... 'செல்வராஜ், அந்தச் செவப்பு வெளுத்துப்போய் ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆயிடுத்து. மிச்சம் இருந்தா ஒரு கை அடிச்சிடு, மாமா வர்றதுக்குள்ள'ன்னு."

"எதுல மிச்சம்?"

"பால்கனி கிரில்லுக்கு வாங்குன எனாமல். நல்ல சரக்குய்யா. ரெண்டு கோட்டு குடுத்தேன். அதுக்கப்புறம் எத்தன மழ பாத்தாச்சு... ஒரு எடம் உரிஞ்சிருக்கா பாருங்க!"

நானும் மாமாவும் ஒரே நேரத்தில் பால்கனியைத் திரும்பிப் பார்த்தோம். கிரில் சிவப்பு. வட்டம் சிவப்பு. அக்காவும் தங்கையும் போல ஒரே சிவப்பு. எத்தனை வருடமாக அந்த ஹாலில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்! உலகத்தின் நிறங்களைப் பற்றி எத்தனை பத்தி எழுதியிருக்கிறேன்!

மாமா சுவரில் இருந்த மாமியின் போட்டோவிடம் பேசினார்.

"ஏண்டி பத்மா... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

செல்வராஜுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஏணியிலிருந்து இறங்கினார்.

"தப்பா எதும் பண்ணிட்டேனாய்யா? டர்பன்டைன் போட்டுத் துடைச்சா வந்துரும். பத்து நிமிச வேலை..."

"தொடாதே!" என்று இருவரும் அலறினோம்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். லண்டன், ஹில்டா, எண்பத்தாறு வயது, முதல் கண்காட்சி, நான் போட்ட டிக்... எல்லாம். மாமா கேட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தபடி இருந்தார். திடீரென்று வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்துக் காற்றில் எதையோ உரசினார்.

"அப்போ எனக்கு சிகரெட் பழக்கம். லண்டன்ல தீப்பெட்டி ஆனை விலைன்னு எவனோ சொன்னான். டிரங்குப் பெட்டிக்குள்ள பண்டில் பண்டிலா வச்சுண்டு போனேன். பம்பரந்தான். அவ வாங்கிண்டு போவாளே... பம்பரந்தான்யா அது!"

ஒருநாளைக்குப் பத்துத் தடவை அந்தத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தவர். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தப் படத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தவர்.

சரி, இப்போது என்ன செய்வது? உமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

"அப்பா, சும்மா இருங்கோ. போட்டோல கீழ கட் ஆயிருக்கும்னு எழுதிட்டாப் போச்சு. கோடு அடியிலதானே இருக்கு? யாருக்குத் தெரியப்போறது? உண்மையைச் சொன்னா படத்தை வேண்டாம்னுடுவா. அந்தப் பாட்டிக்குத்தானே நஷ்டம்?"

நியாயமாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. போட்ட டிக் போட்டபடியே இருக்கும். ஹில்டாவின் கண்காட்சிச் சுவரில் ஓர் ஓட்டை விழாது. செல்வராஜுக்கும் கெட்ட பெயர் இல்லை. ஒரு சின்னப் பொய்யால் மூன்று பேருக்கு நல்லது என்றால், எழுத்தாளன் எதற்கு இருக்கிறான்?

மாமா போனைப் பார்த்துத் தலையாட்டினார். அது ஆமாவா, இல்லையா என்று தெரியவில்லை. போனை வைத்த பிறகு சொன்னார்:

"பத்திரமா வச்சுக்கோன்னா. அதை நான் பண்ணலை. அதையாவது அவகிட்ட சொல்லிடணும். எழுதுங்கோ."

"படத்தை எடுத்துக்கமாட்டாங்க மாமா."

"தெரியும். எழுதுங்கோ."

எழுதினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. பால்கனி கிரில்லுக்கு வாங்கிய எனாமலில் மிச்சம் என்பதை எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும், அது பால்கனி கிரில்லுக்கு வாங்கிய எனாமலில் மிச்சமாகவே வந்து நின்றது. செல்வராஜ் சொன்ன தீப்பெட்டிக் கதையையும் கடைசியில் சேர்த்தேன். அவருக்காக ஒரு வாதம் மாதிரி இருக்கட்டும் என்று.

நான்கு நாள் பதில் இல்லை. மாமா தினமும் காலையில் போன் பண்ணுவார். "ஒண்ணுமில்லை, சும்மாத்தான்" என்பார். வைத்துவிடுவார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான். அவர்களுடைய ஓவியப் பராமரிப்பு நிபுணர் போட்டோக்களைப் பார்த்தாராம். மேல்பூச்சை எடுத்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். இந்த நிலையில் படத்தை ஹில்டாவின் படைப்பாக மாட்ட இயலாது. மிகவும் வருந்துகிறோம். ஓவியருக்குத் தகவல் தெரிவித்துள்ளோம்.

படித்துக் காட்டினேன். மாமா, "சரி" என்றார். படத்தை இறக்கி, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். தனியாக இறக்கியிருக்கிறார், எண்பத்திரண்டு வயதில். உமாவுக்குச் சொல்லவேண்டாம் என்றார்.

மறுநாள் ஒரே வரியில் இன்னொரு மெயில். ஹில்டா உங்களோடு பேச விரும்புகிறார். கோடு போட்டவரும் உடன் இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், உமாவின் லேப்டாப்பை டைனிங் டேபிளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். செல்வராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். முதல்முறையாக அவர் தலையில் நரை எது என்று தெரிந்தது. நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றுவிட்டார்.

"வீட்டுக்காரி சொல்லித்தான் அனுப்பிச்சா சார். ஒண்ணும் பேசாதீங்க, மன்னிப்பு மட்டும் கேட்டுட்டு வந்திருங்கன்னு. பின்னால எதும் வம்பு, லஃப்டா ஆயிராதுல்ல?"

திரையில் முதலில் ஒரு காது தெரிந்தது. பிறகு வெள்ளை முடி. பிறகு முகம். கேலரிப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்து கேமராவைச் சரிசெய்தாள். மாமா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஹலோ, சுந்தர்."

"ஹலோ, ஹில்டா."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நெட் மாட்டிக்கொண்டதோ என்று உமா வயரைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு ஹில்டா கோடு போட்டவர் யார் என்று கேட்டார். செல்வராஜ் கைகூப்பியபடி பாதி முகத்தைக் காட்டினார்.

"நடுவில் நான் எதை விட்டுவிட்டேன் என்று அவரைக் கேளுங்கள்" என்றார் என்னிடம்.

கேட்டேன்.

"பம்பரம்" என்றார் செல்வராஜ். பிறகு, அந்த அம்மாளுக்குப் புரியவேண்டுமே என்று, கட்டைவிரலால் கயிறு சுற்றி, இழுத்து, டேபிளின் மேல் விட்டுக் காட்டினார்.

ஹில்டா எழுந்துபோய்விட்டார். திரையில் காலி நாற்காலி. கோபமோ? திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய நோட்டு. பக்கத்தைப் புரட்டி, கேமராவுக்கு அருகில் பிடித்தார். பழுப்பேறிய தாளில் ஒட்டியிருந்தது, சின்னஞ்சிறிய லேபிள். நீலம். மஞ்சள் கரை. சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் பம்பரம்.

"அய்யா! அடியில கோடு இருக்கு பாருங்க!" செல்வராஜ் என்னைத் தள்ளிக்கொண்டு திரைக்குள் போய்விடுவார் போலிருந்தது. "சொன்னம்லா!"

ஹில்டா சொன்னதை என் தமிழில் தருகிறேன். அந்த நாளில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வந்து இதன் முன்னால் நின்றார்கள். ஒருவர் சூரியன் என்றார். ஒருவர் காயம் என்றார். ஒருவர் வெறுமை என்று பத்திரிகையில் எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால், ப்பூ... தீப்பெட்டிதானா என்றிருப்பார்கள். சொல்லாவிட்டால், ப்பூ... வட்டம்தானா என்பார்கள். யாராவது ஒருநாள் வருவார்கள், பார்த்ததும் சும்மா சொல்லிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் அதிக நாள் ஆகிவிட்டது.

பிறகு மாமாவைப் பார்த்தார். "சுந்தர், உன்னுடைய தீப்பெட்டி. உன்னுடைய சுவர். உனக்குமா தெரியவில்லை?"

மாமா மிகவும் யோசித்து, சுத்தமான ஆபீஸ் இங்கிலீஷில் பதில் சொன்னார்: நான் சிகரெட்டை விட்டுவிட்டேன், ஹில்டா.

ஹில்டாவின் சிரிப்பு இருமலாக மாறி, கேலரிப் பெண் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சிரித்து முடித்ததும் தீர்ப்பு சொன்னார். சிவப்பைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், என் சிவப்பு நிற்காது என்று வாங்கும்போதே எனக்குத் தெரியும், அதுவும் ஏதோ கதவுக்கு அடிக்கிற பெயின்ட்தான். கோடு... கோடு எனக்குப் பிடிக்கவில்லை. நான் அதை யோசித்துத்தான் விட்டேன். ஆனால் இவர் தெரிந்து போட்டிருக்கிறார். இருக்கட்டும். அனுப்புங்கள்.

கேலரிப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நிபுணர், விதிமுறை... ஹில்டா கையைக் காட்டி நிறுத்தினார். எண்பத்தாறு வருடம் பொறுத்தவரின் கை. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டையில் நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவாயிற்று. எனாமலும் கோடும் யாருடையது என்பதோடு. உங்கள் பெயரை எப்படி எழுதவேண்டும் என்று செல்வராஜைக் கேட்டார்கள்.

"பேரெல்லாம் எதுக்கு சார்..." என்று நெளிந்தார். பிறகு அவரே சொன்னார்: "சரி, எழுதுறதுன்னா, எஸ். செல்வராஜ், பெயின்டிங் கான்ட்ராக்டர், தாராவின்னு போடச் சொல்லுங்க. மொபைல் நம்பரும் போட்டா நல்லது. ஆர்டர் வந்தாலும் வரும்."

உமா மட்டும் கடைசியில் என்னைப் பார்த்தாள். "கட் ஆயிருக்கும்னு எழுதியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், எல்லோருக்கும் காபி போடப் போனாள். எழுதியிருந்தால் படம் போயிருக்கும். பம்பரம் போயிருக்காது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சங்கடம். "நன்று" என்று எத்தனை டிக் போட்டிருக்கிறேன்? வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதற்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு, லிஃப்டில் தினம் பார்க்கிற முகங்களுக்கு... நான்கு அடி நடக்காமல்? அதனால்தான் இப்போதெல்லாம் தீப்பெட்டி கையில் கிடைத்தால் நின்று பார்க்கிறேன். பால் பொங்குகிறது. துடைக்கிறேன்.

படம் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெட்டி செய்தவர் செல்வராஜுக்குத் தெரிந்த தாராவிக் கார்ப்பென்டர். உள்ளே தெர்மோகோல், மேலே பிளைவுட், மூலைக்கு மூலை ஸ்க்ரூ. மூடும் முன்னால் செல்வராஜ் இடுப்புத் துண்டை உருவி, தூசி தட்டக் குனிந்தார்.

"தொடாதே!" என்றார் மாமா. இந்தமுறை சிரித்துக்கொண்டே.

மாமா கீழே இறங்கி வரவில்லை. ஹாலில் படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தது. அதன் கீழே, அதே சோபாவில் உட்கார்ந்துகொண்டார். நானும் செல்வராஜும்தான் பெட்டியை இறக்கி டெம்போவில் ஏற்றினோம். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். கூரியர் ஆபீஸ் வரை நான் போவதாக ஏற்பாடு. டிரைவர் ஸ்டார்ட் பண்ணினார். வண்டி கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து தட்டும் சத்தம். கண்ணாடியில் செல்வராஜ் ஓடிவருவது தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லித் தலையை நீட்டினேன்.

மூச்சு வாங்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பெட்டி மேல எழுதியிருக்கீங்களா? கோடுதான் அடி. தலைகீழா மாட்டிரப் போறாங்க!"